கீர்த்தின்-7 ஒளிர்ந்த வரலாறு

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் குதிரைகளுக்காகக் கட்டி, ஈரம் தாங்காமல் குதிரைகளே வெளியேறிவிட்ட கட்டடம் ஒன்று உண்டு. அதில் இப்போது மலைப்பயிர் வேதியுயிரியல் ஆய்வு நிறுவனம் செயல்பட்டுவருகிறது. "செயல்பட்டுவருகிறது" என்பது நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் உள்ள சொல். நமக்கு அதில் மறுப்பு ஒன்றும் இல்லை.

வேதியுயிரியல் என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். உயிருள்ள இலைக்குள்ளோ உடம்புக்குள்ளோ என்ன நடக்கிறது என்று வெளியே நின்று பார்க்க முடியாது. அதனால் ஒரு மூலக்கூறைச் செய்து வேவு பார்க்க உள்ளே அனுப்புவார்கள். அது தேடிப்போன ஆளைப் பிடித்ததும் விளக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் மானியம் கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்காகச் சேர்ப்பது.

நிறுவனத்தின் இயக்குநர் பேராசிரியர் கீர்த்திவாசன் பத்தொன்பது வருடங்களுக்கு முன் அப்படி ஓர் ஒற்றனைச் செய்தார். தேயிலையைக் கசக்கினால் பழுப்பாகிறதல்லவா, அப்படிப் பழுப்பாக்கும் நொதியைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. பிடித்துவிட்டால் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். அதற்குக் கீர்த்தின்-7 என்று பெயர் வைத்தார். அடக்கம் காரணமாக முழுப் பெயரையும் வைக்கவில்லை. கீர்த்தின் ஒன்று முதல் ஆறு வரை என்ன ஆயின என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஏழாவது ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தில் எண்பத்து நான்கு ஆய்வுக் கட்டுரைகளும், பதினோரு விருதுகளும், இயக்குநர் நாற்காலியும் வந்து சேர்ந்தன.

நுழைவுக் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய மரம் வரைந்திருக்கும். அதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. வேரில் தாடி வைத்த ஒரு விஞ்ஞானி, அவருடைய மாணவர், அந்த மாணவரின் மாணவர் என்று ஆறு தலைமுறை ஏறிவந்து, உச்சிக் கிளையில் கீர்த்திவாசன் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு மேலே இலைகள். ஒவ்வோர் இலையிலும் அவரிடம் ஆராய்ச்சி செய்த ஒருவரின் பெயர். முனைவர் பட்டம் வாங்கினால் இலைக்குப் பச்சை பூசுவார்கள். வாங்காதவரை வெறும் கோடுதான். "சுமலதா" என்று எழுதிய இலை ஐந்து வருடம் பத்து மாதமாக வெறும் கோடாக இருந்தது.

சுமலதாவின் தாய் தெய்வம்மா, எட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். நிறுவனத்துக்குக் கீழே உள்ள எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமைதோறும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், முதலில் வெறும் பையைத் தராசில் போட்டு எல்லோர் கண்ணெதிரிலும் நிறுக்க வேண்டும். அந்த எடையைக் கழித்தால்தான் கொழுந்து எடை. புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், இது வீண் வேலை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அன்று ஒரு பெண்ணும் மலையேறவில்லை. மறுநாள் தராசில் முதலில் ஏறியது வெறும் பைதான்.

அந்த மடுவத்திலிருந்து படித்து மேலே வந்தவள் சுமலதா. அவளுக்கு இருபத்தொன்பது வயது. பிப்ரவரி கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு காலாவதியாகிவிடும். ஆகஸ்ட் கடைசிக்குள் பட்டம் வந்தால் கூடலூர்க் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை காத்திருந்தது. வராவிட்டால், ஆறு வருடத்தையும் ஒரு கோடு போட்ட இலையையும் விட்டுவிட்டு, அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எஸ்டேட் லயத்து வீட்டில் உட்கார வேண்டியதுதான். கடைசிச் சோதனையை மூன்று தடவை திரும்பச் செய்து ஒரே விடை வருகிறது என்று காட்டிவிட்டால் போதும். கீர்த்தின்-7 மூன்று தடவை ஒளிர வேண்டும். பத்தொன்பது வருடம் ஒளிர்ந்ததற்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை.

நவம்பர் முப்பதாம் தேதி, ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் தபித்தாள் ஓய்வு பெற்றார். இருபத்திரண்டு வருடச் சேவையைப் பாராட்டிச் சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அவருடைய பணியிடத்தை ஒழித்துவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் தானே கழுவித் தானே உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். டிசம்பர் ஒன்றாம் தேதி இயந்திரம் ஓடியது. இரண்டாம் தேதி கீர்த்தின்-7 அணைந்தது.

சுமலதா விளக்கை மாற்றிப் பார்த்தாள். இலையை மாற்றிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் இருந்த கூடலூர்க்காரன் ஷிஜோவிடம் கேட்டாள்.

"எனக்கும் இல்ல கேட்டோ," என்றான் ஷிஜோ. "மூணு நாளாச்சு. நான் என்னோட கைதான் கேடுன்னு நெனச்சு மிண்டாம இருந்தேன்."

விசாரித்ததில் ஆய்வகத்தில் இருந்த ஏழு மாணவர்களுமே தத்தம் கைதான் கேடு என்று நினைத்து மிண்டாமல், அதாவது வாய் திறக்காமல், இருந்தது தெரிந்தது. நிறுவனத்தின் பயிற்சி அவ்வளவு நல்ல பயிற்சி.

சுமலதா இயக்குநரிடம் போனாள். "மாணவர் சொல்லாததையும் கேட்பது எப்படி" என்ற தலைப்பில் மைசூரில் ஆற்ற வேண்டிய உரையை அவர் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே அவள் சொன்னதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"சுமலதா," என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்தபடியே. "மூலக்கூறு பத்தொன்பது வருஷமா இங்க இருக்கு. நீ வந்து ஆறு வருஷம்தான் ஆகுது. ரெண்டு பேர்ல யாரைச் சந்தேகப்படணும்? சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"மூலக்கூறைப் போடாம, வெறும் இலைச்சாற்றை மட்டும் ஒரு தடவை விளக்குல வெச்சுப் பாக்கட்டுங்களா சார்?"

இயக்குநர் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் நடத்திப் பாப்பியா? இந்த லேப்ல இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்லை."

அது முழுக்க உண்மை. ஒருவரும் கேட்டதில்லை.

"உனக்குக் கைராசி போயிடுச்சும்மா," என்று அவர் இரக்கத்தோடு சொன்னார். "கைராசி சயின்ஸ் இல்லை. ஆனா சயின்ஸுக்கு அது வேணும். மென்டரிங் சென்டருக்குப் போ."

மென்டரிங் சென்டர் என்பது குதிரைக்குக் கொள்ளு வைத்திருந்த அறை. அதன் தலைவர் ரமேஷ்குமார். அவர் ஆராய்ச்சி எதுவும் செய்தவரல்லர். அதனால் ஆராய்ச்சியாளர்களை வழிநடத்த அவருக்கு நிறைய நேரம் இருந்தது. சுமலதாவை உட்காரவைத்துப் பதினான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். "உங்கள் மூலக்கூறு உங்களை நம்புகிறதா? ஆம், ஓரளவு, சொல்ல விரும்பவில்லை" என்பது ஒன்பதாவது கேள்வி. அவள் "சொல்ல விரும்பவில்லை" என்பதில் டிக் போட்டாள். ரமேஷ்குமார் அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ட்ரஸ்ட் இஷ்யூ," என்றார்.

நம்பிக்கையை மீட்பதற்கு அவலாஞ்சிக்கு ஒரு பயிற்சி முகாம் போட்டார்கள். மாணவரின் கண்ணைத் துணியால் கட்டி, வழிகாட்டி கையைப் பிடித்துக் காட்டுப் பாதையில் நடத்திக்கொண்டு போக வேண்டும். வழிகாட்டியின் கையை விடாமல் நடந்தால் ஆராய்ச்சி கைகூடும் என்பது தத்துவம். கீர்த்திவாசன் சுமலதாவின் கையைப் பிடித்து நூறடி நடத்தினார். அப்போது டெல்லியிலிருந்து போன் வந்தது. அவலாஞ்சியில் சிக்னல் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும். அவர் அந்த இடத்தைத் தேடிப் போனார். சுமலதா கண்கட்டோடு நின்றாள். முதல் பத்து நிமிடம் நம்பிக்கையோடும், அடுத்த இருபது நிமிடம் குளிரோடும் நின்றாள்.

"ஏனுங்க அம்மிணி, யாருக்குங்க கண்ணைக் கட்டிட்டு நிக்கறீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. வனக்காவலர்.

"எங்க கைடு சார் வருவாருங்க."

"அவரு ஜீப்புல ஏறிப் போயி அரை மணி நேரமாச்சுங்களே. காட்டெருமை தண்ணிக்கு வர்ற நேரம். கட்டை அவுத்துட்டு வாங்க."

முகாம் அறிக்கையில், சுமலதா தன் வழிகாட்டி மீது முப்பது நிமிடம் இடைவிடாத நம்பிக்கை காட்டியதாகவும், இது நிறுவனத்தின் சாதனை அளவு என்றும் பதிவாயிற்று. கீர்த்தின்-7 ஒளிரவில்லை.

ஜனவரியில் உண்மை அறியும் குழு ஒன்று அமைத்தார்கள். டிசம்பர் முதல் தேதியை ஒட்டி நிறுவனத்தில் எவையெல்லாம் மாறின என்று குழு பட்டியலிட்டது. வாசல் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கேன்டீனில் டீ மாஸ்டர் மாறியிருந்தார். தபித்தாள் ஓய்வு பெற்றிருந்தார். கதவுக்குப் பழைய நிறத்தையே மறுபடி அடித்துப் பார்த்தார்கள், பலனில்லை. பழைய டீ மாஸ்டரை மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைத்தார்கள். டீ நன்றாக இருந்தது. கடைசியாக, தபித்தாளின் கைராசி பற்றிய தரவுகளைச் சுமலதா நேரில் போய்ச் சேகரித்து வர வேண்டும் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

தபித்தாளின் வீடு சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. கரண்டும் இல்லை. பனிக்காலமானதால் துணிகளை உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்.

"உக்காரு சுமா. என்ன எளச்சுட்டே," என்றார் தபித்தாள். "சோறு திங்கறியா இல்லையா?"

"அக்கா, உங்க கைராசி எப்படின்னு கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"என்னது?"

"நீங்க கழுவின கிளாஸுல மட்டும்தான் வேலை நடக்குதுங்கறாங்க. எப்படிக் கழுவுவீங்க?"

தபித்தாள் சிரித்தார். "அதுல என்ன இருக்கு. லேப்புக்குன்னு தனிச் சோப்பு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு மூணு கொட்டேசன் வேணும்னாங்க. ரெண்டு கடையிலதான் இருந்துச்சு. அதோட அது நின்னு போச்சு. நானா கடைவீதியில துணிக்குப் போடற பவுடரை வாங்கிட்டு வந்து கழுவுனேன். வெள்ளைத் துணிக்குப் போடறது. பளிச்சுன்னு இருக்கும்."

"எத்தனை தடவை அலசுவீங்க?"

தபித்தாள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ரிட்டையர் ஆயிட்டேன், சொல்லலாம். எட்டு தடவை அலசோணும்னு சுவத்துல எழுதிப் போட்டிருப்பாங்க. குன்னூர்த் தண்ணியில எட்டு தடவை கைய வெச்சா அப்பறம் கை இருக்காது சுமா. ஒரு அலசுதான்."

சுமலதாவுக்கு ஏதோ ஒன்று உறைத்தது. பையில் எப்போதும் ஆய்வகத்தின் புற ஊதா டார்ச் இருக்கும். அதை எடுத்துக் கொடியில் தொங்கிய வெள்ளைச் சேலையின் மேல் அடித்தாள். கிறிஸ்துமஸ் பாடல் குழுவுக்காகத் தபித்தாள் கட்டியிருந்த சேலை அது. அந்த இருட்டு வீட்டில் சேலை முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. அவள் ஐந்து வருடமாகப் படம் பிடித்து, அளந்து, வரைபடம் போட்டு, அத்தியாயம் அத்தியாயமாக எழுதி வைத்திருந்த அதே நீலம்.

"அய்யோ, கர்த்தரே," என்றார் தபித்தாள். "என்ன சுமா இது?"

"என் ஆராய்ச்சிங்க அக்கா," என்றாள் சுமலதா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துணி வெளுப்பாகத் தெரிவதற்காகச் சோப்புத்தூளில் ஒளிரும் பொருள் ஒன்றைக் கலப்பார்கள் என்பது அவள் இளநிலை வகுப்பிலேயே படித்ததுதான். ஒரே அலசில் போகாமல் கிண்ணத்தில் தங்கிவிடும் அந்தப் பொருள் நொதி போன்ற புரதங்களில் ஒட்டிக்கொண்டால் இன்னும் நன்றாக ஒளிரும்.

மறுநாள் காலையில், ஷிஜோவைக் காவலுக்கு வைத்துவிட்டு, யாரும் பத்தொன்பது வருடமாகச் செய்யாத சோதனையைச் செய்தாள். சோப்புத்தூளால் கழுவி ஒரு தடவை மட்டும் அலசிய கிண்ணத்தில், கீர்த்தின்-7 போடாமல், வெறும் இலைச்சாற்றை ஊற்றினாள். அது நீலமாக ஒளிர்ந்தது. எட்டு தடவை அலசிய கிண்ணத்தில் சாற்றோடு கீர்த்தின்-7ஐயும் போட்டாள். இருட்டாக இருந்தது. மூன்று தடவை திரும்பச் செய்தாள். மூன்று தடவையும் ஒரே விடை வந்தது. ஆறு வருட வாழ்க்கையில் அவள் செய்த முதல் உருப்படியான சோதனை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை நினைத்துச் சந்தோஷப்படவா பயப்படவா என்றுதான் தெரியவில்லை.

கீர்த்திவாசன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் ஒரு மாணவி பேசியதை முழுதாகக் கேட்டது அதுவே முதல் தடவை.

"நீ சொல்றது நிஜம்னா, அது ஒரு கண்டுபிடிப்பு," என்றார். "இங்க நடக்கற கண்டுபிடிப்பெல்லாம் என் வழிகாட்டுதல்ல நடக்கணும். இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி நான் உனக்கு வழிகாட்டலை. அதனால இது நடக்கலை. லாஜிக் சரியா இருக்கா பாரு."

"ஆனா சார், மூணு தடவை..."

"உண்மைங்கறது ஒரு பக்கம். மரபுங்கறது ஒரு பக்கம். அந்த மரத்தைப் பாத்திருக்கியா? ஆறு தலைமுறை. நான் விழுந்தா என் மேல இருக்கற இலையெல்லாம் எங்க போகும்? நான் எனக்காகப் பேசலை. இலைகளுக்காகப் பேசறேன். உன் இலையும் அதுல ஒண்ணு."

அடுத்த வாரமே தபித்தாளுக்கு நியமன ஆணை போயிற்று. "கண்ணாடிக் கலன் மரபறிவு - கௌரவ ஆலோசகர்." இயந்திரத்தின் மேல் துணியைப் போர்த்தி ஒரு பூச்சாடி வைத்தார்கள். துணி பவுடருக்கு "கழுவுபொருள் கே-1" என்று குறியீட்டெண் கொடுத்தார்கள். தபித்தாள் கழுவினார், ஒரு தடவை அலசினார், கீர்த்தின்-7 ஒளிர்ந்தது. இயக்குநர் எல்லோருக்கும் ஊட்டி வர்க்கி வாங்கிக் கொடுத்தார்.

"கைதான்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார்.

சுமலதா ஆய்வேட்டை எழுதினாள். உண்மைச் சோதனையை ஒரு தனி அத்தியாயமாக வைத்திருந்தாள். இயக்குநர் அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, "பக்கம் கூடுகிறது" என்று ஓரத்தில் எழுதினார். கிண்ணங்கள் எப்படிக் கழுவப்பட்டன என்ற இடத்தில் "வழக்கமான முறையில்" என்று எழுதச் சொன்னார். அவளும் எழுதினாள். அவள் வீராங்கனை ஒன்றும் இல்லை. பட்டம் வேண்டும். அதே சமயம் பொய் சொன்ன குற்றமும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது.

பல்கலைக்கழக விதிப்படி, ஆங்கில ஆய்வேட்டின் முன்பகுதியில் இரண்டு பக்கத்துக்குத் தமிழ்ச் சுருக்கம் ஒன்று இருக்க வேண்டும். விதி இருப்பதால் எல்லோரும் எழுதினார்கள். எந்த விதியும் சொல்லாததால் யாரும் படிக்கவில்லை. சுமலதா அந்த இரண்டு பக்கத்தில் நடந்ததை நடந்தபடி, சோப்புத்தூள் உட்பட, நல்ல தமிழில் எழுதினாள்.

ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிறுவனத்தின் கூடுதல் விதி. அதை ஏற்படுத்தியவர் கீர்த்திவாசனே. பிப்ரவரி இருபத்தேழாம் தேதி அவர் கோயம்புத்தூர் விமானத்தைப் பிடிக்கக் காரில் மலையிறங்கிக்கொண்டிருந்தபோது, சுமலதா முன்சீட்டில் உட்கார்ந்து பக்கங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் நீட்டினாள். பர்லியார் தாண்டுவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் முடிந்தன. கொண்டை ஊசி வளைவு வந்த இடங்களில் கையெழுத்தும் வளைந்திருந்தது. தமிழ்ப் பக்கங்கள் முதலிலேயே வந்தன. காட்டேரி வளைவில் அவற்றில் கையெழுத்து விழுந்தபோது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி பொது வாய்மொழித் தேர்வு. பொதுமக்கள் யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம், கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் குறிப்பேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. பொதுமக்கள் வருவதில்லை என்பது வழக்கம். தேர்வாளர் பேராசிரியர் வசந்த்குமார் டெல்லியிலிருந்து வந்திருந்தார். அவருக்கு அன்று சாயங்காலம் மலை ரயிலில் போக வேண்டும், அந்த டிக்கெட்டும் சுமலதா வாங்கியதுதான். சால்வை, போண்டா, டீ ஆகியவையும் தேர்வுக்கு நிற்பவரின் பொறுப்பு. ரமேஷ்குமார் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். தபித்தாள் கௌரவ ஆலோசகர் என்ற முறையில் முன்வரிசையில் இருந்தார்.

கடைசி வரிசையில் தெய்வம்மா, பட்டுச்சேலையும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆங்கிலச் சுருக்கம் தீர்ந்துபோய், அவளுக்குத் தமிழ்ச் சுருக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். மகள் முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினாள். தெய்வம்மாவுக்கு வேறு வேலை இல்லாததால் அந்தத் தாளை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் படித்தாள்.

பேச்சு முடிந்தது. வசந்த்குமார், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவரின் அவசரத்தில், "எதிர்காலத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டார். கீர்த்திவாசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "அவையிலிருந்து யாருக்காவது கேள்வி?" என்றார். அது கேள்வி கேட்பதற்கான அழைப்பல்ல, போண்டாவைக் கொண்டுவருவதற்கான சைகை. கேன்டீன் ஆள் தட்டோடு உள்ளே வந்துவிட்டார்.

தெய்வம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருடம் கண் முழித்துப் படித்த பிள்ளையை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லையே, கல்யாணத்தில் கைநனைக்காமல் போகிற மாதிரி எழுந்திருக்கிறார்களே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. மகளுக்காக எழுந்து நின்றாள்.

"ஐயா, நானு ஒண்ணு கேக்கலாங்களா?"

ரமேஷ்குமார் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். கேட்கலாம் என்றுதான் இருந்தது.

"இந்தத் தாள்ல போட்டிருக்கு, அந்த மருந்து போடாமயும் அதே வெளிச்சம் வந்துச்சுன்னு," என்றாள் தெய்வம்மா. "நாங்க கொழுந்து நிறுக்கையில வெறும் பையத் தனியா நிறுத்துக் கழிச்சுப்புடுவோம். இதுல கழிச்சாச்சா?"

போண்டாத் தட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

சுமலதாவின் பட்டம், கூடலூர் வேலை, ஆறு வருடம் எல்லாம் இப்போது அம்மாவின் கையில் இருந்த இரண்டு தாளில் இருந்தன. "கழிச்சாச்சும்மா" என்று சொன்னால் போதும். அம்மா சந்தோஷமாக உட்கார்ந்துவிடுவாள், போண்டா சுற்றி வரும். ஆனால் கேட்டவள், வெறும் பையை நிறுக்காமல் ஒரு திங்கட்கிழமையையும் விட்டுக்கொடுக்காதவள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் பாதியைச் சொல்லி நிறுத்த முடியவில்லை.

"கழிச்சேன்மா. ஆனா..." என்றாள்.

"கழிச்சு எவ்வளவு நின்னுச்சு?"

"ஒண்ணும் நிக்கலம்மா. மொத்த எடையும் பைதான்."

வசந்த்குமார் டெல்லியில் முப்பது வருடம் இருந்தும் தமிழ் மறக்காதவர். தெய்வம்மாவிடம் அந்தத் தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். சோப்புத்தூள் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு ஆய்வேட்டைத் திறந்து அந்தப் பக்கங்களைத் தேடினார்.

"கீர்த்திவாசன்," என்றார். "ரெண்டு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்கே. படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

இங்கே பேராசிரியர் கீர்த்திவாசனின் மேதைமையைச் சொல்லத்தான் வேண்டும். படிக்காமல் போட்டேன் என்றால் அவர் வழிகாட்டி இல்லை. படித்துத்தான் போட்டேன் என்றால் கீர்த்தின்-7 இல்லை. இரண்டில் எதை விடுவது என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் பிடித்தது. மூலக்கூறுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. வழிகாட்டிக்கு இன்னும் நான்கு வருடச் சேவை பாக்கி இருந்தது.

அவர் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நண்பர்களே, இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் ஆறு வருடம் காத்திருந்தேன்," என்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஒரு வழிகாட்டியின் உச்சம் எது? தன்னையே மறுக்கும் மாணவியை உருவாக்குவது. நான் இவளிடம் விடையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தடுத்தேன். அத்தியாயத்தைக்கூட அடித்தேன். எதற்கு? தடையைத் தாண்டி இவளே வரட்டும் என்றுதான். அவலாஞ்சிக் காட்டில் கண்ணைக் கட்டி விட்டுவிட்டு வந்ததும் அதே தத்துவம்தான். என் மூலக்கூறை நான் இழக்கிறேன். ஆனால் ஓர் இலையைப் பெறுகிறேன்."

ரமேஷ்குமார் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வசந்த்குமார் சுமலதாவிடம் அந்த மூன்று சோதனைகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் உண்மையாகவே கேள்வி கேட்டார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய வேலையைப் பற்றி ஒருவர் கேட்டார், அவள் பதில் சொன்னாள். அடிபட்ட அத்தியாயத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார். மலை ரயில் போய்விட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் மூன்று போண்டா சாப்பிட்டார்.

டிசம்பரில் கீர்த்திவாசனுக்குச் சிறந்த வழிகாட்டி விருது வந்தது, பன்னிரண்டாவது விருது. எட்டு தடவை அலசும் பழைய விதி, "கீர்த்திவாசன் அலசல் முறை" என்ற பெயரில் சுவரில் மறுபடி ஏறியது. பூச்சாடியை எடுத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினார்கள். தபித்தாள் கௌரவ ஆலோசகராகவே நீடிக்கிறார், ஏனென்றால் கௌரவப் பதவியிலிருந்து ஒருவரை நீக்குவதற்கான படிவம் நிறுவனத்தில் இல்லை. மரத்தில் சுமலதாவின் இலைக்குப் பச்சை பூச வந்த பெயிண்டர், கையோடு இயக்குநரின் சிரிப்பையும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் போனார்.

அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று சாயங்காலம் தாயும் மகளும் எஸ்டேட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். தெய்வம்மாவின் மடியில் மிச்சப் போண்டா பொட்டலம் இருந்தது.

"நான் கேட்டது தப்பில்லையே?" என்றாள்.

"தப்பில்லம்மா. நல்லவேளை கேட்டே."

"எல்லாரும் ஒரு மாதிரிப் பாத்தாங்க. அந்தக் கோட்டுப் போட்ட சாரு கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"அவருக்குச் சந்தோஷம்மா."

பஸ் இரண்டு வளைவு இறங்கியது. தெய்வம்மா எதையோ மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தச் சாரு பத்தொம்பது வருசமா எதத்தான் நிறுத்தாரு?"

"பையைத்தான்மா."

தெய்வம்மா ஜன்னல் வழியாகக் கீழே தெரிந்த மடுவத்தின் தகரக் கூரையைப் பார்த்தாள்.

"எங்ககிட்ட ஒரு திங்கக்கெழம தாங்கியிருக்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து மகளிடம் ஒரு போண்டாவை நீட்டினாள்.